டிவி மூலையில் பச்சை

உங்கள் வீட்டுக்கு முதன்முதலாகக் கலர் டிவி வந்தபோது செய்தி வாசிக்கிற அம்மாளின் முகம் என்ன நிறத்தில் தெரிந்தது? எங்கள் வீட்டில் பச்சையாகத் தெரிந்தது. முழுக்க இல்லை. திரையின் இடது ஓரம் பச்சை, வலது ஓரம் ஊதா. நடுவில் உட்கார்ந்து வாசித்தால் அந்த அம்மாள் தப்பித்தார். கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிட்டார்கள் என்றால் அன்றைக்கு அவருக்கு ஏதோ பெயர் தெரியாத வியாதி.

நம் வயதுக்காரர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பியது, மேலிருந்து "வந்துட்ச்சா? வந்துட்ச்சா?" என்று கத்தியது, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டியதும் மேலும் கீழும் ஓடுகிற படம் நின்றது என்று ஆளுக்கொன்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துவைக்கிறேன். எனக்கு அது சிரிப்புக் கதை இல்லை என்று ஒவ்வொரு தடவையும் விளக்கத் தெம்பில்லை. இந்த ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் கேட்காதீர்கள்.

சுங்குவார்சத்திரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். இப்போது கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கிற இடத்தில் அப்போது வேலிகாத்தான் முள்தான் மண்டிக் கிடந்தது. ஊரில் பாதி எங்களைப் போல வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்; பாதி மாரியம்மன் கோயில்காரர்கள். இரண்டு பாதிக்கும் மைக் செட் எங்கள் அண்ணனுடையது. அப்பா போன பிறகு எங்களுக்குச் சோறு போட்டது அந்த மைக் செட்தான். அதில் அண்ணன் உயிராக வைத்திருந்தது என் மார்பு உயரம் இருந்த இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களை. சென்னையில் சொல்லிச் செய்தவை. உள்ளே இருக்கிற காந்தம் ஒவ்வொன்றும் ரசச்சட்டி அகலம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். விசேஷம் இல்லாத நாட்களில் அவை இரண்டும் எங்கள் கூடத்தில், சுவரோரமாக, பழைய வேட்டியால் போர்த்தி நிற்கும். அவற்றின் மேல் ஒரு டம்ளர் வைத்தால்கூட எனக்கு அடி விழும்.

அண்ணனுக்கு மணிமங்கலத்தில் பெண் எடுத்தார்கள். அண்ணியின் அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். கருப்பு வெள்ளை டிவி ஒன்று சீராகத் தருகிறேன் என்று அவர்தான் முதலில் சொன்னார். எங்கள் அம்மா விடவில்லை.

"மைக் செட்டுக்காரன் வூடு சம்பந்தி. ஊரே வந்து குந்தும். கலரா குடுத்தாத்தான் உங்களுக்கும் மரியாதி" என்றாள்.

அவர் ஒரகடம் ரோட்டில் இருந்த ஒரு துண்டு நிலத்தை விற்றுக் கலராகவே வாங்கிக் கொடுத்தார். அந்த நிலத்தின் மேல் இன்று எந்தக் கார் கம்பெனி நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அதைப் பேசி என்ன ஆகப் போகிறது.

மரப்பெட்டி டிவி. முன்னால் இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்துகிற மடக்குக் கதவு, அதற்கு ஒரு சின்னப் பூட்டு. மேலே அண்ணி தானே பின்னிக் கொண்டுவந்த வெள்ளை நூல் விரிப்பு. பக்கத்தில் ஸ்டெபிலைசர், அதில் எப்போதும் நடுங்குகிற ஒரு சிவப்பு முள். டிவி சூடானதும் தூசு வறுபடுகிற ஒரு வாசனை வரும். கண்ணாடி அருகே கையைக் கொண்டுபோனால் கை மயிர் எல்லாம் எழுந்து நிற்கும். எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. படத்தைவிட இதுதான் எனக்கு அதிசயம்.

அண்ணன் அந்த டிவியைத் தன் இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், பீடத்தில் மாதா சுரூபம் வைப்பதுபோல, இடிக்க இடிக்க வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருவருக்கும் அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை.

முதல் நாள் சாயங்காலம் ஊரே வந்து உட்கார்ந்தது. அண்ணன் ஸ்விட்சைப் போட்டார். படம் வந்தது, பச்சையும் ஊதாவுமாக. பின்னாலிருந்து ஒருவர், "கலர் கொஞ்சம் ஜாஸ்தியா கீது போல" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "வாத்தியாரு பச்ச டிவி குடுத்துட்டாரு" என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த அண்ணியும், என்ன செய்வதென்று தெரியாமல், கூடவே சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வார்த்தை எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

மறுநாள் தொடங்கியது வைத்தியம். ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினார்கள், கம்பத்தை உயர்த்தினார்கள், வயரை மாற்றினார்கள், பூஸ்டர் வாங்கி மாட்டினார்கள். புள்ளி விழுந்தது நின்றது, ஆட்டம் நின்றது, மூலைப் பச்சை மட்டும் அப்படியே இருந்தது. கலர் குமிழை அடியோடு குறைத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தார்கள். கருப்பு வெள்ளையிலும் மூலையில் பச்சை இருந்தது. அதைப் பார்த்து மின்சார ஆபீஸில் வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரர், இது தனக்குப் புரிகிற விஷயம் இல்லை என்று எழுந்து போய்விட்டார்.

தினமும் சாயங்காலம் இதுதான் நடக்கும். அண்ணன் எதிரே நாற்காலியில் உட்காருவார். அண்ணி டிவி பக்கத்தில் நின்று குமிழைத் திருப்ப வேண்டும்.

"இன்னும். இன்னும். போதும். ஐய, தாண்டிட்ட பாரு. திருப்பு, திருப்பு."

பக்கவாட்டில் நிற்கிறவளுக்குப் படம் எங்கே தெரியும்? அண்ணன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் திருப்புவாள். தன் அப்பா நிலத்தை விற்று வாங்கிய டிவியை அவள் ஒருநாளும் எதிரே உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூடம் நிறைய ஆட்கள். திருப்பியது சரியில்லை என்று அண்ணன் எழுந்து வந்து அவள் கையில் ஓங்கி அடித்தார். "கையா இது, கட்டையா? ஆயிரம் பேர் கூட்டத்துல ஒரு விசில் வராம செட் பண்றவன் நானு. இவளுக்கு ஒரு குமிழு திருப்பத் தெரில." குழந்தைகளுக்குப் பாட்டு கேட்கவில்லை என்று யாரோ ஒருத்தி சத்தம் போட்டாள். அண்ணி அதே இடத்தில் நின்று மறுபடி குமிழைப் பிடித்தாள். எனக்கு அன்றைக்கு அண்ணனைப் பிடிக்காமல் போனது. அதை வெளியே சொல்லுகிற வயதும் இல்லை, வீடும் இல்லை.

டெம்போ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். மெக்கானிக் மேசைமேல் வைத்து ஸ்விட்சைப் போட்டார். படம் பளிச்சென்று வந்தது. பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை. செய்தி வாசித்த அம்மாள் அவ்வளவு சிவப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தங்கமா கீது நைனா. இதுக்கு இன்னா வைத்தியம் பண்றது? எடுத்துக்கினு போ" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தார்கள். பச்சை. இரண்டாவது தடவை கொண்டுபோனபோது அவர் டிவியின் முதுகைத் திறந்து தூசு தட்டிக் கொடுத்தார். கடையில் நன்றாக ஓடியது, வீட்டில் பச்சை. அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு ஞானம் பிறந்தது.

"எங்க வச்சாலும் நல்லா கீது. நம்ம வூட்டுல வச்சா மட்டும் நிக்கமாட்டேங்குது. கொண்ணாந்தவளுக்கு இங்க மனசு ஒட்டல, அதான்."

சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில், பூசைக்குப் போன இடத்தில் எல்லாம் சொன்னாள். கேட்டவர்களுக்கும் அது பொருத்தமாகவே பட்டது.

அந்த வருஷம் எங்கள் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றுகிற அன்று, அம்மா சாமியாரை வீட்டுக்கு அழைத்துவந்து டிவியை மந்திரிக்கச் சொன்னாள். வயசான சாமியார். வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்கு அலுப்பாக இருந்திருக்கும். ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். அண்ணி ஓடிப்போய் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். எங்கள் எல்லாரையும் முழங்கால் போடச் சொன்னார்கள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, படம் சரியாகவேண்டும், அண்ணி எங்கள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று கேட்டேன். ராத்திரி எனக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடப் பாடம் கேட்டு, என்னைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறவள் அவள்தான். அவள் வருவதற்கு முன் அந்த வீட்டில் யாரும் என்னைத் தொட்டுப் பேசியதாக ஞாபகம் இல்லை.

அன்று சாயங்காலம் படம் சரியாகிவிட்டது. சத்தியமாக. மூலை, ஓரம் எல்லாம் சுத்தம். அம்மா அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து டிவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். திருவிழா நடந்த நாட்கள் முழுக்கப் படம் அப்படியே நின்றது. அண்ணன் மைக் செட்டோடு கோயிலிலேயே கிடந்தார். சாப்பாட்டைக்கூட நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குமிழைத் திருப்பச் சொல்ல ஆள் இல்லாததால் அண்ணி எங்களோடு தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். காலை நீட்டி, நிலக்கடலை உரித்துத் தின்றுகொண்டு, வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தாள். அம்மா டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவிழா முடிந்தது. அண்ணன் பெட்டி ஸ்பீக்கர்களைத் துடைத்துப் பழையபடி டிவிக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினார். தீர்த்தத்தால் நடந்த புதுமையைப் பார்க்கட்டும் என்று நாலு பேரைக் கூட்டிவந்து உட்கார வைத்து ஸ்விட்சைப் போட்டார்.

பச்சை.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சிங்க" என்றாள் அண்ணி.

அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா எழுந்து நின்றாள். "ஆமாண்டா. நீ இல்லாதப்ப நல்லா இருந்துச்சி. இவளும் நல்லா இருந்தா. புருஷன் வூட்டுக்குள்ள கால் வச்சதும் படம் கெட்டுப்போவுதுன்னா இன்னா அர்த்தம்? நீயே யோசிச்சிக்கோ. தீர்த்தம் தெளிச்சே நிக்கல."

அண்ணன் யோசிக்கவில்லை. வந்தவர்களை அனுப்பிவிட்டு அண்ணியைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள படம் சரியாவணும். ஆச்சின்னா இங்க இருந்துக்கோ. ஆவலன்னா உங்கப்பன வரச்சொல்லி இந்தப் பச்ச டிவியோட கெளம்பு. வேற டிவி வாங்கிக்கினு வந்தா பேசலாம்."

நான் தினமும் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றேன். மெழுகுவத்தி வாங்கக் காசில்லாமல், அணைந்துபோன துண்டுகளைப் பொறுக்கி மறுபடி கொளுத்தி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பச்சை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகவே இருந்தது. மாமா, அதாவது அண்ணியின் அப்பா, மணிமங்கலத்திலிருந்து டெம்போ கொண்டுவந்தார். அவர் சட்டைப் பையில் பேனா மூடி கழன்று மை பரவியிருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டாள், அழவில்லை. நான்தான் டெம்போவுக்குப் பின்னால் ரோடு வரைக்கும் அழுதுகொண்டே ஓடினேன்.

மணிமங்கலத்தில் படம் அருமையாக வருகிறது, வந்து பாருங்கள் என்று மாமா சொல்லியனுப்பினார். "அப்ப அங்கியே குந்திப் பாத்துக்கினு இருக்கட்டும்" என்றாள் அம்மா. இன்னொரு டிவி வாங்க அவரிடம் இன்னொரு நிலம் இல்லை. கோயிலில் வைத்துக் கட்டிய கல்யாணம், அறுத்துவிட்டு வேறு கட்டவும் வழியில்லை. இவர் இங்கே, அவள் அங்கே என்று வருஷங்கள் போயின. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மெயின் ரோட்டில் புதிதாக வந்திருந்த டிவி பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாளே சூப்பர்வைசர் அக்கா, திருநெல்வேலிப் பக்கம், எங்களை வரிசையாக நிறுத்திப் பேசினாள். "காந்தம் உள்ள எந்தச் சாமானையும் இந்த லைனுக்குப் பக்கத்துல கொண்டாரக் கூடாது, கேட்டியளா? கொண்டாந்தா என்ன ஆவும்னு பாத்துக்கிடுங்க." ஓடிக்கொண்டிருந்த ஒரு டிவியின் ஓரத்தில் சின்னக் காந்தத் துண்டு ஒன்றைக் காட்டினாள். அந்த ஓரம் பச்சையானது. கையை எடுத்தாள், பச்சையும் போனது.

நான் வரிசையை விட்டு வந்து அந்த டிவியின் ஓரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன். அக்கா எனக்கு மயக்கம் என்று நினைத்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். ஸ்பீக்கர் பெட்டி பக்கத்தில் இருந்தால் பச்சை, பெட்டி கோயிலுக்குப் போனால் படம் சுத்தம். அவ்வளவுதான். தீர்த்தமும் இல்லை, மனசு ஒட்டாததும் இல்லை.

ஷிஃப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பெட்டியின் பின்பலகையைக் கழற்றி அந்தக் காந்தத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நீ போயி சொல்லு பாப்பா. தப்பு என்னுதுதான்னு சொல்லு. கூட்டிக்கினு வா. நான் மூஞ்சி காட்ட முடியாது."

மணிமங்கலத்துக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். அண்ணி அப்போது பால்வாடி டீச்சர். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, நனைந்த பாய்களை வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். காந்தம், லைன், சூப்பர்வைசர் அக்கா, அண்ணன் சவரம் செய்துகொண்டது வரைக்கும். அவள் பாயை உதறிப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியும் பாப்பா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அந்தப் பொட்டிதான்னு தெரியும். ஞாயித்துக்கெழமைன்னு உங்கண்ணன் கெடு வச்சாரே, அதுக்கு மொத நாளு. பூசைக்கு எல்லாரும் போயிட்டீங்க. நான் டிவியப் போட்டு உட்டுட்டு வூடு பெருக்கினு இருந்தேன். பொட்டிய நவத்தினேன், பச்சையும் கூடவே நவுந்துச்சி. கிட்ட தள்ளினா வந்துச்சி, தூரத் தள்ளினா போச்சி. கொஞ்ச நேரம் குழந்த மாதிரி அதையே பண்ணிக்கினு இருந்தேன்."

"அப்பறம்?"

"அப்பறம் திரும்ப இருந்த எடத்துலயே வச்சேன். தரையில பொட்டி நின்ன தடம் இருந்துச்சி. இன்னும் கொஞ்சம் ஒட்டியே வச்சேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா படம் சரியாப் போயிருக்கும். படம் சரியாப் போனா நான் அங்கியே இருக்கணும்னு சொன்னாரே, நீயும் நின்னு கேட்டியே." கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள். "உன்ன நெனச்சித்தான் ரெண்டு தபா பொட்டி மேல கைய வச்சேன். முடியல பாப்பா."

நான் முழங்கால் தேயக் கேட்டதெல்லாம் அவளுக்கு எதிராகத்தான் என்று அப்போது புரிந்தது. அழுகை வந்தது, எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் எனக்காகத் தட்டில் பால்வாடிச் சத்துமாவு உருண்டை எடுத்துவந்து வைத்தாள். உள்ளே ஒரு குழந்தை எழுந்து சிணுங்கியது, எழுந்து போனாள்.

சாயங்காலம் அண்ணன் பஸ் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தார். நான் மட்டும் இறங்குவதைப் பார்த்தார்.

"காந்தம்தான்னு சொன்னியா?"

"சொன்னேண்ணா."

"அதுக்கு இன்னா சொன்னா?"

"ஒன்னும் சொல்லலண்ணா. ரொம்ப நாளாயிட்ச்சி, இனிமே வரலன்னாங்க."

அண்ணன் இப்போதும் இருக்கிறார், என்னோடுதான். காது மந்தம். உங்களில் யாராவது வீட்டுக்கு வந்தால் இந்தக் கதையை அவரிடம் எடுத்துவிடாதீர்கள். அவராகவே தொடங்குவார். ரசச்சட்டி அகலம் கையைக் காட்டி, "இம்மாம் அகலக் காந்தம், என் குடும்பத்தையே கெடுத்துட்ச்சி" என்பார். நான் அவருக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டே, "ஆமாண்ணா, நாசமாப் போன காந்தம்" என்பேன்.